ஞானஸ்நானப் பெயரும் பிற பெயர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோர், வளர்ந்தபின் திருச்சபைக்கு வருகிறவர்கள், பழைய கோயில் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தாவைத் தேடிக் கண் வலித்தவர்கள் என மூன்று தரப்பாரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைப் பதில்களோடு இங்கே சேர்த்திருக்கிறேன். ஞானஸ்நானம், திருமுழுக்கு என்ற இரண்டு சொற்களும் இங்கே ஒன்றையே குறிக்கும். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும்தான் அதிகம் வருவார்கள். பெயர் விஷயம் அவர்களிடம்தான் சட்டமாகவும் சடங்காகவும் கெட்டிப்பட்டிருக்கிறது.

ஞானஸ்நானப் பெயர் என்பது என்ன?

எந்தப் பெயரைச் சொல்லி அழைத்து ஒருவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறார்களோ, அதுதான். கத்தோலிக்கச் சடங்கில் குரு பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வியே, குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். கேள்வியைக் கவனியுங்கள். பெயர் வைப்பவர்கள் பெற்றோர். திருச்சபை அந்தப் பெயரால் குழந்தையைக் கூப்பிடுகிறது, பதிவேட்டில் எழுதுகிறது, அவ்வளவே. 'பெயரைச் சாமியார் கொடுப்பார்' என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் கொடுக்க மாட்டார், கேட்பார்.

பல நாடுகளில் வீட்டுப் பெயர், பள்ளிப் பெயர், ஞானஸ்நானப் பெயர் எல்லாம் ஒன்றாகவே இருப்பதால் தனியாக ஒரு 'ஞானப்பெயர்' இருப்பதே யாருக்கும் தோன்றாது. ஆங்கிலத்தில் ஒருவருடைய சொந்தப் பெயரை நெடுங்காலம் 'கிறிஸ்டியன் நேம்' என்றே சொல்லிவந்தார்கள். குடும்பப் பெயர் பிறப்பால் வரும், இந்தப் பெயர் திருமுழுக்கில் வரும் என்பது அதன் கணக்கு.

சடங்கில் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால் ஞானஸ்நானம் செல்லாதா?

செல்லும். தண்ணீரும், தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே என்ற வாக்கியமும்தான் அடிப்படை. அந்த வாக்கியத்திலேயே ஒரு 'பெயர்' இருக்கிறது, அது குழந்தையின் பெயர் அல்ல. மேற்கத்திய வழக்கில் குழந்தையின் பெயரைச் சொல்லி 'நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்' என்பார்கள். கிழக்கத்திய சபைகளில் 'கடவுளின் ஊழியர் இன்னார் திருமுழுக்குப் பெறுகிறார்' என்பார்கள். குரு நாக்குத் தடுமாறி அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டாலும் முழுக்குப் பெற்றது தம்பிதான். பதிவேட்டில் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் தொல்லை தருவது நாக்கு அல்ல, எழுத்து.

விவிலியத்தில் இந்த வழக்கம் உண்டா?

திருமுழுக்கில் பெயர் சூட்டிய காட்சி ஒன்றுகூட இல்லை. அதற்கு நெருங்கிய காட்சி லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. எட்டாம் நாள் விருத்தசேதனம். உறவினர்கள் கூடி, அப்பா பெயரான செக்கரியா என்பதையே பிள்ளைக்கும் வைக்கப் பார்க்கிறார்கள். தாய் எலிசபெத்து, 'இல்லை, யோவான்' என்கிறார். உங்கள் சொந்தத்தில் யாருக்கும் அப்படிப் பெயர் இல்லையே என்று அவர்கள் மடக்குகிறார்கள். பேச முடியாமல் இருந்த தகப்பன் பலகை கேட்டு வாங்கி, 'இவன் பெயர் யோவான்' என்று எழுதிவிடுகிறார். பெயர் வைக்கும் வீட்டில் சொந்தக்காரர்கள் சண்டை போடுவது எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

யூதர்களிடம் ஆண் குழந்தைக்குப் பெயர் சூட்டுவது இன்றும் அந்த எட்டாம் நாளில்தான். கிறிஸ்தவர்களிடம் விருத்தசேதனத்தின் இடத்துக்குத் திருமுழுக்கு வந்தபோது பெயரும் மெல்ல அங்கே வந்து சேர்ந்தது.

சவுல் ஞானஸ்நானம் பெற்றபோதுதானே பவுல் ஆனார்?

இது மிகப் பரவலான தவறு, மறையுரைகளில்கூடக் கேட்டிருக்கிறேன். திருத்தூதர் பணிகள் நூலில் அவர் திருமுழுக்குப் பெறுவது 9ஆம் அதிகாரத்தில். அதற்குப் பிறகும் நூல் அவரைச் சவுல் என்றே சொல்லிக்கொண்டு போகிறது. 13ஆம் அதிகாரத்தில், சைப்ரஸ் தீவில், 'பவுல் எனப்படும் சவுல்' என்று ஒரு வரி வருகிறது, அதன்பின் பவுல்தான். அவருக்கு இரண்டு பெயர் இருந்தது. யூதர்களிடையே சவுல், ரோமர்களிடையே பவுல். ரோம அதிகாரி எதிரில் நிற்கும் காட்சியிலிருந்து ரோமப் பெயர் புழங்கத் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் பல மொழி பேசிய ஊர்களில் இப்படி இரட்டைப் பெயர் சாதாரணம்.

சீமோன் பேதுரு ஆனது வேறு கதை. அது பொறுப்புக்காகச் சூட்டிய பெயர், 'பாறை' என்று பொருள்.

முதல் கிறிஸ்தவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள்?

பிறந்தபோது வைத்த பெயரையேதான். புதிய ஏற்பாட்டிலேயே பெபேயாள், ஹெர்மெஸ், அப்பொல்லோ என்ற கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். மூன்றுமே கிரேக்கத் தெய்வங்களோடு ஒட்டிய பெயர்கள். அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல் சாகும் தறுவாயில் திருமுழுக்குப் பெற்றபோதும் கான்ஸ்டன்டைனாகவே இருந்தார்.

3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் டயோனிசியுஸ், நம்பிக்கையாளர் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பவுல், பேதுரு என்று பெயர் வைப்பது பெருகியிருப்பதாகக் குறிப்பிடுகிறார். எழுதியவர் பெயரே மதுக்கடவுள் டயோனிசுஸின் பெயரிலிருந்து வந்தது! 4ஆம் நூற்றாண்டின் யோவான் கிறிசோஸ்தோம் ஒருபடி மேலே போய்ப் பெற்றோரைக் கடிந்துகொண்டார். அவர் ஊரான அந்தியோக்கியாவில் சிலர் பல விளக்குகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்து, கடைசிவரை எரிந்த விளக்கின் பெயரைக் குழந்தைக்கு வைத்தார்களாம். பிள்ளை நீடித்து வாழும் என்ற நம்பிக்கை. விளக்கை விட்டுவிட்டுப் புனிதர்களின் பெயரை வையுங்கள் என்பது அவர் வாதம். அதே அந்தியோக்கியாவில் மக்கள் தங்கள் ஆயர் மெலேத்தியுஸ் மேலிருந்த அன்பில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்ததையும் அவரே மகிழ்ச்சியோடு சொல்கிறார்.

இன்றைக்குப் புனிதர் பெயர் கட்டாயமா?

கத்தோலிக்கத் திருச்சபையில் இல்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் விதி கடுமையாக இருந்தது. பங்குத்தந்தை கிறிஸ்தவப் பெயரே வைக்கப் பார்க்க வேண்டும். பெற்றோர் கேட்காவிட்டால், அவர்கள் சொன்ன பெயரோடு ஒரு புனிதர் பெயரையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய பதிவேடுகளில் குடும்பத்தில் யாருமே கூப்பிடாத ஒரு 'மரியா'வோ 'ஜோசப்'போ ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 855ஆம் பிரிவு அதைத் திருப்பிப் போட்டது. கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் சூட்டப்படாமல் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் (திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள்) பங்குத்தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 'இதை வை' என்ற கட்டளை போய், 'அதை மட்டும் வைக்காதே' என்ற எச்சரிக்கை வந்திருக்கிறது. பூ, நட்சத்திரம், நல்ல குணம் எதன் பெயரும் தடையில்லை.

என்னைக் கேட்டால் பழைய விதியில் ஒரு தர்க்கச் சிக்கலும் இருந்தது. எந்தப் புனிதர் பெயரையும் முதலில் வைத்திருந்தவருக்கு அந்தப் பெயரில் முன்னோடிப் புனிதர் கிடையாது. கீவ் அரசர் விளாதிமிர் 988இல் திருமுழுக்குப் பெற்றபோது அவருக்குச் சூட்டியது வசீலி என்ற பெயர். அவருடைய பாட்டி ஓல்காவின் ஞானஸ்நானப் பெயர் ஹெலனா. ஆனால் அவர்கள் புனிதர்களான பிறகு உலகம் வைத்துக்கொண்டது விளாதிமிர், ஓல்கா என்ற பழைய பெயர்களைத்தான். இன்று எத்தனையோ குழந்தைகளுக்கு அவையே ஞானஸ்நானப் பெயர்கள்.

ஆர்த்தடாக்ஸ் சபைகள் பலவற்றில் புனிதர் பெயர் இன்னும் எதிர்பார்க்கப்படுகிறது. வளர்ந்தபின் சேர்கிறவர் தன் பெயருக்குப் புனிதர் இல்லையென்றால் ஒன்றைத் தேர்ந்துகொள்வார். நற்கருணை வாங்கும்போது குரு அந்தப் பெயரைத்தான் சொல்வார்.

பெயரைக் குரு மறுக்கலாமா?

பேசிப் பார்ப்பார், அபூர்வமாக மறுப்பார். இதில் மிக மோசமான சம்பவம் சீர்திருத்த சபையாரிடம் நடந்தது. 1546இல் ஜெனீவாவில் ஒரு தகப்பன் பிள்ளைக்கு 'குளோத்' என்று பெயர் சொல்ல, போதகர் காதில் வாங்காததுபோல் 'ஆபிரகாம்' என்று சொல்லித் திருமுழுக்குக் கொடுத்துவிட்டார். பக்கத்து ஊரில் புனித குளோத் திருத்தலம் இருந்ததால் அந்தப் பெயரே மூடநம்பிக்கை என்பது போதகர்களின் நிலை. தகப்பன் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, இது ஞானஸ்நானமே இல்லை என்று கத்தினார். ஊரில் கலவரம் ஆகும் நிலை. அந்த ஆண்டே கூடாத பெயர்களின் பட்டியலைச் சட்டமாக்கினார்கள். ஜெனீவாவின் சீர்திருத்தத் தலைவர் கால்வின் ஆதரவோடு நடந்தது இது. புனிதர் பெயர் வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்தவர்கள், அது கூடாது என்ற கட்டாயத்தைக் கொண்டுவந்தார்கள்.

புனிதர் பெயராக இல்லாத கிறிஸ்தவப் பெயர் எப்படி இருக்கும்?

திருவிழா, மறைபொருள், மாதாவின் பட்டம், நற்பண்பு எல்லாம் பெயராகும். இதில் ஸ்பானிய மொழியும் தமிழும் தோளோடு தோள் நிற்கின்றன. டோலோரெஸ் என்றால் வியாகுலம். கொன்செப்சியோன் என்றால் அமலோற்பவம். ரொசாரியோ என்றால் செபமாலை. சொக்கோரோ என்றால் சகாயம். சலூத் என்றால் ஆரோக்கியம். ஒரே பக்தி இரண்டு மொழிகளில் இரண்டு பெயர்க் குடும்பங்களைப் பெற்றிருக்கிறது. சொல்லுக்குச் சொல் ஒத்துப்போவதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இரக்கத்தின் மாதா என்ற பட்டத்திலிருந்து வந்த மெர்சிடிஸ் என்ற பெண் பெயர் கடைசியில் ஒரு காரின் மூக்கில் போய் உட்கார்ந்தது தனிக் கதை. அந்தக் கார்களை விற்றவர் தன் மகளின் பெயரை வைத்தார்.

ஆங்கிலேயத் தூய்மைவாதிகள் நற்பண்புகளையும் வாக்கியங்களையுமே பெயராக வைத்தார்கள். 1653ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அதன் உறுப்பினர் ஒருவர் பெயரே நிலைத்துவிட்டது. அவர் பெயர் 'கடவுளைத் துதி' பேர்போன்.

ஜானும் யோவானும் இவானும் ஒரே பெயரா?

ஒரே பெயர்தான். 'யாவே அருள்கூர்ந்தார்' என்று பொருள்படும் யோகனான் என்ற எபிரேயப் பெயர் கிரேக்கம், லத்தீன் வழியாகப் போய்ப் பிரெஞ்சில் ழான், ஸ்பானியத்தில் ஹுவான், இத்தாலியத்தில் ஜொவான்னி, ருஷ்யத்தில் இவான், ஜெர்மனில் ஹான்ஸ், அயர்லாந்தில் ஷான், வேல்ஸில் எவான் என்று ஆனது. அரபில் கிறிஸ்தவர்கள் யூஹன்னா என்பார்கள், முஸ்லிம்கள் யஹ்யா என்பார்கள். தமிழில் ஒலியை எடுத்துக்கொண்டு யோவான் என்றும், பொருளை எடுத்துக்கொண்டு அருளப்பர் என்றும் சொன்னார்கள். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் 'சிறியவர்' என்று பொருள். அதனால் அவர் சின்னப்பர்.

யாக்கோபு இன்னும் சுவாரசியமானவர். லத்தீனில் ஒரே யாக்கோபுஸ், ஆங்கிலத்தில் ஜேக்கப், ஜேம்ஸ் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஸ்பானியத்தில் 'புனித' என்ற அடைமொழியே பெயரோடு ஒட்டிக்கொண்டு சாந்தியாகோ ஆனது. அதுவே தமிழில் சந்தியாகு. ஆகவே 'புனித சந்தியாகப்பர்' என்று சொல்லும்போது புனிதரை இரண்டு முறை புனிதர் என்கிறோம்.

பெயரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

மிக எளிய வழி நாள்காட்டி. மார்ட்டின் லூதர் பிறந்தது 1483 நவம்பர் 10. மறுநாள் புனித மார்ட்டின் விழா, அன்றே திருமுழுக்கு, அதனால் மார்ட்டின். மொசார்ட் 1756 ஜனவரி 27 அன்று பிறந்தார். அது அப்போது யோவான் கிறிசோஸ்தோம் விழா. மறுநாள் பதிவேட்டில் விழுந்த பெயர் யோஹான்னெஸ் கிறிசோஸ்தோமுஸ் வொல்ஃப்காங்குஸ் தெயோஃபிலுஸ். முதல் இரண்டும் நாள்காட்டியிலிருந்து, மூன்றாவது தாய்வழித் தாத்தாவிடமிருந்து, நான்காவது ஞானத்தந்தையிடமிருந்து. 'கடவுளின் அன்புக்குரியவர்' என்ற அந்தக் கிரேக்கப் பெயரைத்தான் லத்தீனாக்கி அமதேயுஸ் என்கிறோம். அவரே பெரும்பாலும் அமதே என்றுதான் கையெழுத்திட்டார். உலகம் முழுக்கத் தெரிந்த 'அமதேயுஸ்' அவருடைய ஞானஸ்நானப் பதிவேட்டில் இல்லை.

ஞானப்பெற்றோர் பெயரை வைப்பது அடுத்த வழி. இதில் அரசியல் நிறைய. 878இல் போரில் தோற்ற வைக்கிங் தலைவர் குத்ரும், வென்ற அரசர் ஆல்ஃபிரெடை ஞானத்தந்தையாகக் கொண்டு திருமுழுக்குப் பெற்றபோது எத்தல்ஸ்டான் என்ற ஆங்கிலப் பெயரையும் பெற்றார். பல்கேரியாவின் போரிஸ், பைசாந்தியப் பேரரசர் மைக்கேலை ஞானத்தந்தையாக ஏற்று மைக்கேல் ஆனார். 1491இல் கொங்கோ அரசர் நசிங்கா அ நுக்குவு, போர்ச்சுகல் அரசர் பெயரையே எடுத்து முதலாம் ஜொவாவ் ஆனார். பெயர் இங்கே உடன்படிக்கையில் போடும் முத்திரை போன்றது.

விக்டோரியா அரசியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1819 ஜூன் 24, கென்சிங்டன் அரண்மனை. குழந்தைக்கு ஜார்ஜியானா, ஷார்லட், அகஸ்டா என்று பெற்றோர் ஆசையோடு வரிசை வைத்திருந்தார்கள். அரச பிரதிநிதியாக இருந்த பெரியப்பா எதையும் விடவில்லை. பேராயர் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு காத்திருக்க, ஞானத்தந்தையான ருஷ்யப் பேரரசர் பெயரில் அலெக்சாந்திரினா என்று வையுங்கள் என்றார். இன்னொரு பெயர் வேண்டுமே என்று கேட்டதற்கு, தாயின் பெயரை வையுங்கள், ஆனால் பேரரசர் பெயருக்கு முன்னால் வரக் கூடாது என்றார். அப்படித்தான் அலெக்சாந்திரினா விக்டோரியா. சிறு வயதில் வீட்டில் அவள் 'ட்ரீனா'. 1837இல் அரசியானதும் முன்பெயரை நழுவவிட்டார். பெரியப்பா வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்ட பெயர் ஒரு காலகட்டத்துக்கே பெயரானது.

மதம் மாறி வருகிறவர் பெயரை மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். மேலே சொன்ன 1983ஆம் ஆண்டு விதி பெரியவர்களுக்கும் போதும். விரும்பினால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சிலருக்கு அது உண்மையிலேயே பொருளுள்ள செயல். சன் யாட்-சென் 1884இல் ஹாங்காங்கில் திருமுழுக்குப் பெற்றபோது எடுத்த பெயர் 'நாளும் புதிது' என்று பொருள்படும். அவருடைய சீன ஆசிரியர் ஒலி நெருக்கம் பார்த்து அதை வேறு எழுத்துகளால் யாட்-சென் என்று மாற்றினார். சீனக் குடியரசைத் தோற்றுவித்தவரை வெளியுலகம் அறிவது இப்படி ஞானஸ்நானத்திலிருந்து கிளைத்த பெயரால். சீனர்கள் அவரைச் சுன் சோங்ஷான் என்றே பெரும்பாலும் சொல்வார்கள்.

ஆனால் கட்டாயத்தின் வரலாறும் நீளமானது. ஐரோப்பியர் ஆண்ட நாடுகளில் ஞானஸ்நானப் பெயர் என்றால் ஐரோப்பியப் பெயர் என்றே ஆகியிருந்தது. அதற்கு எதிர்வினையாக 1972இல் ஜயீர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அதிபர் மொபுட்டு கிறிஸ்தவப் பெயர்களையே தடைசெய்து, ஜோசப்-தெசிரே என்ற தன் பெயரையும் விட்டு மொபுட்டு செசே செக்கோ ஆனார். குடிமக்கள் வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பெயரோடு வாழப் பழகினார்கள். முன்பு பாதிரியார் செய்ததை இப்போது அரசு செய்தது. மாட்டியது அதே ஆள்தான்.

ஒருவருக்கே இரண்டு பெயர் முறைப்படி இருக்கும் சபை உண்டா?

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை. ஆண் குழந்தைக்கு 40ஆம் நாளும் பெண் குழந்தைக்கு 80ஆம் நாளும் திருமுழுக்கு. அப்போது ஒரு தனிப் பெயர் கிடைக்கும். கோயிலில் அது, வெளியே வேறு. தஃபரி மக்கொன்னென் என்று புழங்கிய இளவரசர், 1930இல் முடிசூடியபோது தன் ஞானஸ்நானப் பெயரையே அரசப் பெயராக்கிக்கொண்டார். அது ஹைலே செலாசி, 'திரித்துவத்தின் வல்லமை'.

உறுதிப்பூசுதலில் (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் சடங்கில்) இன்னொரு பெயர் எடுக்க வேண்டுமா?

சடங்கு நூல் கேட்கவில்லை. சில நாடுகளில் வழக்கம், அவ்வளவுதான். ஞானஸ்நானப் பெயரையே மறுபடி சொல்லலாம். ஆர்த்தடாக்ஸ் சபையில் இரண்டும் ஒரே நாளில் நடப்பதால் கேள்வியே எழாது.

துறவிகளும் திருத்தந்தையரும் ஏன் பெயர் மாற்றுகிறார்கள்?

துறவறப் பெயர் பழைய வாழ்க்கையை விட்டு வந்ததன் அடையாளம். 1910இல் ஆக்னெஸ் என்ற பெயரின் அல்பேனிய வடிவத்தில் திருமுழுக்குப் பெற்றவர் பிறகு மடத்தில் குழந்தை இயேசுவின் தெரேசா நினைவாகப் பெயர் எடுத்தார். அந்தப் பெயரின் பிரெஞ்சு வடிவத்தை இன்னொரு சகோதரி ஏற்கெனவே வைத்திருந்ததால் ஸ்பானிய எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொண்டார். அன்னை தெரேசா அவர்தான். இப்போது பல சபைகளில் ஞானஸ்நானப் பெயரோடே வாக்குக் கொடுக்கலாம்.

திருத்தந்தையரில் இதைத் தொடங்கியவர் மெர்க்குரியுஸ். 533இல் தேர்வானபோது, ரோமத் தெய்வத்தின் பெயரோடு பேதுருவின் இருக்கையில் உட்கார மனமில்லாமல் இரண்டாம் யோவான் ஆனார். அதன்பின் சில நூற்றாண்டுகள் கழித்துத்தான் அது பழக்கமானது. ஞானஸ்நானப் பெயரை விடாத கடைசித் திருத்தந்தை 1555இன் இரண்டாம் மார்செல்லுஸ். 2013இல் பிரான்சிஸ் என்ற பெயர் முதல்முறையாக வந்தது. 2025இல் ராபர்ட் பிரான்சிஸ் பிரிவோஸ்ட் பதினான்காம் லியோ ஆனார்.

நாம விழா என்கிறார்களே, அது பிறந்தநாளா?

இல்லை. உங்கள் பெயருக்குரிய புனிதரின் விழாநாள். கிரேக்கத்திலும் போலந்திலும் வளர்ந்தவர்களுக்குப் பிறந்தநாளைவிட இது பெரிது என்று சொல்பவர்கள் உண்டு. நடைமுறையில் ஒரு வசதியும் இருக்கிறது: யாருடைய பிறந்தநாளையும் நினைவில் வைக்க வேண்டாம், நாள்காட்டியைப் பார்த்தால் போதும், வயதும் வெளியே வராது.

எல்லா மக்களுக்கும் குடும்பப் பெயர் உண்டா?

இல்லை, படிவங்கள் அப்படி நினைத்துக்கொள்கின்றன. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1980இல் அந்நாட்டு அதிபரான விக்திஸ் ஃபின்போகாதோத்திர் என்றால் 'ஃபின்போகியின் மகள் விக்திஸ்'. அவரை விக்திஸ் என்றுதான் அழைக்க வேண்டும், தொலைபேசிப் புத்தகமும் சொந்தப் பெயரின் வரிசையில்தான் இருந்தது. எத்தியோப்பியப் பிரதமர் அபிய் அகமதுவை 'திரு. அகமது' என்று அழைத்தால் அவருடைய அப்பாவை அழைத்ததாகும். ருஷ்யர்களுக்குச் சொந்தப் பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர் மூன்றும் உண்டு. மரியாதையாக அழைக்க முதல் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்பானியர்களுக்கு மரபுப்படி அப்பாவின் குடும்பப் பெயர் முன்னால், அம்மாவுடையது பின்னால். பாப்லோ ரூயிஸ் பிக்காசோ பின்னாலிருந்ததை மட்டும் வைத்துக்கொண்டார்.

குடும்பப் பெயர் சில நாடுகளில் மிக அண்மைய வரவு. ஜப்பானியப் பொதுமக்கள் எல்லாருக்கும் அது கட்டாயமானது 1875இல், தாய்லாந்தில் சட்டம் வந்தது 1913இல், துருக்கியில் 1934இல். வரிக்கும் படைக்கும் ஆள் கணக்கு வேண்டும் என்ற அரசுத் தேவைதான் பெரிய காரணம்.

அபு, இப்னு என்று வரும் அரபுப் பெயர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரே ஆளை எத்தனை பக்கத்திலிருந்து கூப்பிடலாமோ அத்தனை பகுதிகள். சொந்தப் பெயர் ஒன்று. 'அபு' என்றால் இன்னாரின் தந்தை. பிள்ளை பெயரால் பெரியவரைக் குறிக்கும் மரியாதை. 'இப்னு' என்றால் இன்னாரின் மகன். கடைசியில் ஊரோ குலமோ வரும். முஹம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயரில் கடைசிப் பகுதி குவாரிஸ்ம் என்ற நிலப்பகுதியைக் குறிக்கும். லத்தீன்காரர்கள் வாயில் அது புரண்டு 'அல்காரிதம்' ஆகி இன்று எல்லார் வாயிலும் இருக்கிறது.

கானாவின் அகான் மக்களிடம் பிறந்த கிழமையே பெயர் தரும். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை பிறந்தவர். வெள்ளிக்கிழமைப் பையன் என்றால் கோஃபி. பழைய சீனத்தில் ஆண்களுக்கு 20 வயதில் இன்னொரு பெயர் சூட்டுவார்கள். அதன்பின் இயற்பெயரைச் சொல்லிக் கூப்பிடும் உரிமை பெரியவர்களுக்கு மட்டும். கன்பூசியசின் இயற்பெயர் சியு. 'கன்பூசியஸ்' என்பது 'கோங் ஆசான்' என்ற மரியாதைச் சொல்லை ஐரோப்பியக் குருக்கள் லத்தீனாக்கியது.

ஞானஸ்நானப் பெயரும் அரசுப் பதிவிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டுமா?

திருச்சபைக்கு அது தேவையில்லை, உங்களுக்குத் தேவைப்படும். பின்னாளில் திருமணத்துக்குச் சான்றிதழ் கேட்கும்போது இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். வேறு பெயர் வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். பிறகு அரசுப் பதிவில் பெயரை மாற்றினாலும் ஞானஸ்நானம் மறுபடி கிடையாது, அது ஒருமுறைதான்.

அரசும் சும்மா இருந்ததில்லை. பிரான்சில் 1803 முதல் 1993 வரை, நாள்காட்டிகளில் உள்ள பெயர்களும் பண்டைய வரலாற்றுப் பெயர்களும்தான் என்று சட்டம் இருந்தது. கோயில் கட்டாயம் தளர்ந்த பிறகும் அரசுக் கட்டாயம் பத்தாண்டு நீடித்திருக்கிறது.

பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் எந்தக் காலம்வரை கிடைக்கும் என்பது. இங்கிலாந்தில் 1538இல் பங்குதோறும் பதிவேடு வைக்க உத்தரவானது. கத்தோலிக்க உலகில் 1563இல் திரிதெந்து சங்கம் (ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம்) அதை வற்புறுத்தியது. அதற்கு முன் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அடுத்து, நாள். பதிவேட்டில் இருப்பது திருமுழுக்கு நாளாக மட்டுமே இருக்கலாம். ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26, பேத்தோவனுக்கு 1770 டிசம்பர் 17. இருவரும் என்றைக்குப் பிறந்தார்கள் என்பதற்குப் பதிவு இல்லை. அப்புறம் மொழி. குரு லத்தீனில் எழுதியிருப்பார். வீட்டில் ஹான்ஸ் என்றவன் ஏட்டில் யோஹான்னெஸ், யாக்கோபுஸ் என்பவன் ஜேம்ஸா ஜேக்கப்பா என்று ஏடு சொல்லாது. ஞானப்பெற்றோர் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பலநேரம் அத்தையும் மாமாவும் அவர்கள்தான், அந்த வழியாக ஒரு தலைமுறை பின்னால் போகலாம்.

கடைசியாக ஒன்று. ஒரே பெற்றோர், ஒரே பெயர், இரண்டு பதிவு என்றால் எழுத்தர் இருமுறை எழுதிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். மூத்தது இறந்தால் அதே பெயரை அடுத்ததற்கு வைப்பது வழக்கமாக இருந்தது. பேத்தோவனுக்கு முன் 1769இல் பிறந்து ஆறே நாள் வாழ்ந்த அண்ணன் பெயரும் லுட்விக். ஓவியர் வின்சென்ட் வான்கோ பிறந்தது 1853 மார்ச் 30. சரியாக ஓராண்டுக்கு முன் அதே நாளில் இறந்தே பிறந்த அண்ணனுக்கும் வின்சென்ட் என்றுதான் பெயர். ஆகவே இரண்டாவது பதிவைக் கண்டதும் அடக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.